முன்னுக்கு இன்னும் கடை இருக்கு

ஆக்லாந்தில் ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தைக்கு நீங்கள் போயிருந்தால் அவரைக் கண்டிருப்பீர்கள். வாங்குகிற சனத்துக்கு நடுவில் வாங்காமல் நடக்கும் ஒருவர். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் பார்வையிட வந்த கல்வி அதிகாரியைப் போல, ஒவ்வொரு கத்தரிக்காயையும் ஏதோ களவெடுத்துப் பிடிபட்டது மாதிரிப் பார்த்துக்கொண்டு போவார். அவருக்குப் பின்னால் வெறும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு மடையன் போவான். அந்த மடையன் நான்.

அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆக்லாந்துத் தமிழர்களில் பாதிப்பேர் "பாவம், போன மனிசனைப் பற்றி இப்பிடி எழுதலாமோ" என்பார்கள். மற்றப் பாதிப்பேர் "அவர் எனக்குச் செய்ததையும் எழுதும்" என்று தொலைபேசியில் பிடித்துக்கொள்வார்கள்.

நான் வேலை கிடைத்து நியூசிலாந்துக்கு வந்த புதிதில் எங்களுக்கு வாடகைக்கு அகப்பட்டது அவருடைய வீட்டுக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு மரவேலி. முதல் ஞாயிற்றுக்கிழமையே வேலிக்கு மேலால் தலை தெரிந்தது.

"தம்பி, சந்தைக்கு வாறீரோ? தனியப் போனால் உம்மைத் திண்டுபோடுவாங்கள்."

போனோம். வாசலில் முதல் கடையிலேயே ஒரு சீனத்து அம்மா வெண்டிக்காய் குவித்திருந்தார். பீஜியிலிருந்து வந்த வெண்டிக்காய், விரல் நீளம், பச்சைப் பசேல். ஊர் விட்டு வந்து மூன்று கிழமையாக உருளைக்கிழங்கு தின்ற எனக்கு அந்தக் குவியலுக்குள் தலையை வைத்துப் படுக்கலாம் போல இருந்தது.

"அண்ணை, வெண்டிக்காய் நல்லாக் கிடக்கு. எடுப்பமே?"

"எங்க?"

"இஞ்சதான். வாசல்ல."

அவர் நின்றார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"தம்பி, வாசல்ல கடை போட்டிருக்கிறவன் ஆருக்குப் போட்டிருக்கிறான்?"

"சாமான் வாங்க வாறவைக்கு."

"இல்லை. அவசரக்காரருக்கும் விசரருக்கும். முன்னுக்கு இன்னும் கடை இருக்கு. நடவும்."

நடந்தோம். கடைசிக் கடை மட்டும் நடந்தோம். வழியில் எங்கேயும் வெண்டிக்காய் இல்லை. கடைசிக் கடையில் இருந்தது, முற்றித் தடியாகி. அதை வாங்கினால் குழம்பு வைக்கலாம், அல்லது வேலிக்கு நடலாம். திரும்பி வாசலுக்கு ஓடினோம். அந்தச் சீனத்து அம்மா வெறும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முகம் மலர்ந்தது.

"பாத்தீரே? இவ்வளவு கெதியில வித்திட்டா. அப்ப மலிவாக் குடுத்திருக்கிறா. மலிவாக் குடுக்கிறா எண்டால் சாமானில ஏதோ பிழை. நல்லகாலம், தப்பினம்."

இந்தத் தர்க்கத்தைக் கேட்ட பிறகும் நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு போனேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அவரை இளக்காரமாக எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பின்னால் நடந்து போனவன் என்ற தகுதிதான்.

அவருடைய வாழ்க்கையில் எல்லாமே இந்தச் சந்தைதான். ஆக்லாந்து மழைக்கு ஒரு குடை வேண்டுமென்று மாசியில் பார்க்கத் தொடங்கினார். மழைக்காலம் வந்து, கொட்டி, ஓய்ந்து, வசந்தமும் வந்துவிட்டது. அவர் நகர மையத்தில் இருந்த குடைக் கடைகள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தார். தலை மட்டும் நனைந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டில் நான் கண்டதும் வாங்கிய நான்கு குடைகளும் காற்றில் முறிந்து, எலும்பு தெரிய, நகரத்துக் குப்பைத்தொட்டிகளில் கிடந்தன. அவற்றில் ஒன்றை அவர் எனக்குக் கையால் காட்டினார். "உது உம்மடைதானே?" என்றார். என்னுடையதுதான்.

வீடு வாங்கும் கதை இதைவிடக் கேவலம். மகள் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கவேண்டும் என்று எப்சம் பக்கம் வீடு பார்க்கத் தொடங்கினார். அங்கே பள்ளிக்கூட எல்லைக்குள் வீடு இருந்தால்தான் இடம். சனிக்கிழமைகளில் விற்பனைக்குத் திறந்துவைக்கும் வீடுகள் அத்தனைக்கும் போவார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அலுமாரிகளைத் திறந்து மணந்து பார்த்து, தண்ணீர்க் குழாய்களைத் திருகிப் பார்த்து, வெளியே வந்து "பரவாயில்லை" என்பார். அந்தப் பகுதி வீட்டுத் தரகர்கள் அவரைக் கண்டதும் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள், வாங்குகிறவர் அல்ல என்பது அவ்வளவு நிச்சயம். அவர் பார்த்து முடிப்பதற்குள் மகள் ஏவன்டேல் பள்ளிக்கூடத்திலேயே படித்து, பல்கலைக்கழகம் முடித்து, வேலை எடுத்து, ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டாள். அதன்பிறகும் இரண்டு ஆண்டு எப்சமில் வீடு பார்த்தார். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை.

அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். குறைவாகக் கதைக்கிற ஆள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஒருநாள் அவர்கள் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி வாயைக் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் கடைசிக் கடை மட்டும் பாக்கிறியள். அக்காவை மட்டும் எப்பிடி அண்ணை முதல் கடையிலயே எடுத்தனீங்கள்?"

"ஆர் சொன்னது முதல் எண்டு?" என்றார் அவர், மீன் முள்ளை எடுத்தபடி. "எனக்கு உவ பதினோராவது சம்பந்தம்."

குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"எனக்கு உவர் முதலாவது. ஓம் எண்டிட்டன். வேற ஆரையும் பாக்கேல்லை."

 அவர் ஒரு புட்டுக்கட்டியை உடைக்க நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

இனி ரஷ்யப் பயணம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், வெண்டிக்காய் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அக்கா தன் வாழ்நாளில் கேட்ட பயணம் அது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்களுக்கு ரஷ்யா என்றால் பளபளப்புக் கடதாசி. அந்தக் காலத்தில் சோவியத் சஞ்சிகைகள் தமிழில், மலிவு விலையில், வழவழவென்று வரும். படிக்கிறவர்கள் படித்தார்கள். படிக்காதவர்கள் பள்ளிக் கொப்பிகளுக்கு உறை போட்டார்கள். அக்காவின் கணக்குக் கொப்பி உறையில் ஒரு பெண் இருந்தாளாம். பனிக்குள் நின்றுகொண்டு, தலையிலிருந்து தோள்வரை ஒரு வெள்ளைச் சால்வை போர்த்தி, சிரித்துக்கொண்டு. ஒரு வருஷம் முழுக்கக் கணக்குப் பிழைத்தபோதெல்லாம் கொப்பியை மூடி அந்தச் சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அக்கா என் மனைவியிடம் சொன்னார்.

இப்போது அந்தப் பக்கம் போவதைப்பற்றி யாரும் நினைக்கமாட்டார்கள். நான் சொல்வது உலகம் கொரோனாவுக்குக் கதவடைப்பதற்கு இரண்டு ஆண்டுக்கு முந்திய கோடை. பயணச்சீட்டு விலை இறங்கும் என்று அவர் பல ஆண்டுகள் காத்திருந்து, இறங்காது என்பதை நம்பாமலே, மகள் வாங்கி அனுப்பியதால் புறப்பட்டார். துணைக்கு நானும் மனைவியும். வால்கா நதியில் ஒரு கப்பல். நாளுக்கு ஒரு சின்ன ஊரில் நிற்கும். எங்களை இறக்கிவிடும். மூன்று மணித்தியாலத்தில் ஊதும். வராதவர்கள் ரஷ்யாவிலேயே குடியிருக்கலாம்.

நான் சொல்லும் ஊரின் பெயரை என்னால் உச்சரிக்க முடியாது. ஆற்றங்கரையிலிருந்து மேட்டில் இருக்கும் தேவாலயம்வரை ஒரே ஒரு தெரு. தெருவின் இரண்டு பக்கமும் கடைகள், கப்பல்காரரை நம்பியே பிழைக்கிற கடைகள். அந்த ஊர்க்காரர்கள் அவற்றில் ஒன்றையும் வாங்குவதாகத் தெரியவில்லை. சிவப்பும் பொன்னும் பூசிய மரக்கரண்டிகள். அவற்றால் யாரும் எதையும் கிண்டியிருக்கமாட்டார்கள். முழங்கால் மட்டும் வரும் கம்பளிச் சப்பாத்துகள். போத்தல் போத்தலாகத் தேன். பழைய சோவியத் பதக்கங்கள். அத்தனை வீரர்கள் அந்தச் சின்ன ஊரில் இருந்தார்களோ தெரியாது. பிறகு அந்தப் பொம்மைகள். பொம்மைக்குள் பொம்மை, அதற்குள் இன்னொரு பொம்மை, கடைசியில் கடுகு போல ஒன்று. எங்கள் ஊர்ச் சங்கங்களில் ஒரு தலைவரைத் திறந்தால் உள்ளே இன்னொரு முன்னாள் தலைவர் இருப்பாரே, அதே முகம், அதே சிரிப்பு.

நான் முதல் பொம்மைக்கே காசை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கப்பலால இறங்கின இடத்திலயே வாங்கிறீரோ?" என்றார். ஏவன்டேலில் கேட்ட அதே குரல். உலகத்தின் மறுபக்கத்திலும் நான் அதே மடையன்.

அந்த முதல் கடைகளின் வரிசையில், படகுத்துறைப் படிக்குப் பக்கத்தில், ஒரு கிழவி முக்காலியில் இருந்தார். கடை என்று சொல்ல முடியாது. ஒரு கயிறு, அதில் இரண்டு கறுப்புச் சால்வை, ஒரு வெள்ளைச் சால்வை. கையில் பின்னல் ஊசி. அக்கா அந்த வெள்ளைச் சால்வைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

கிழவி எழும்பி, தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றினார். சால்வையின் ஒரு மூலையை அதற்குள் நுழைத்து இழுத்தார். மேசை விரிப்பளவு சால்வை முழுவதும், தண்ணீர் ஓடுவதுபோல, மோதிரத்துக்குள்ளால் போய் அடுத்த பக்கம் வந்தது. ஆட்டின் அடிமயிரில் நூற்றதாம். பிறகு கிழவி அக்காவின் கையைச் சுட்டிக் காட்டினார். அக்கா தன் கலியாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அது கிழவியின் மோதிரத்தைவிடச் சின்னது. அதற்குள்ளாலும் போனது.

கிழவி அதை அக்காவின் தலையில் போட்டு, தோளில் விழவைத்து, இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். என் மனைவி "ஐயோ அக்கா" என்றாள்.  

அக்கா கணவர் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ, இது எனக்கு வேணும்."

அவ்வளவு காலப் பழக்கத்தில் அக்கா "வேணும்" என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். சால்வையின் விளிம்பைப் பிடித்து, விரலால் உரசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிழவி கணக்குப்பொறியில் விலையை அமத்திக் காட்டினார். அவர் தலையாட்டினார்.

"நல்ல சாமான்தான்" என்றார். நாங்கள் மூச்சு விட்டோம். "நல்லது. ஒருக்கா முன்னுக்கும் பாத்திட்டு வருவம். இன்னும் கடை இருக்கு."

"எனக்கு வேற பாக்கத் தேவையில்லை" என்றார் அக்கா.

"உமக்கென்ன தெரியும்? துறைமுகத்தடியில இருக்கிறவள் சொல்லுறதுதான் விலையோ? வாரும். திரும்பி இதாலதானே வரவேணும்."

அக்கா சால்வையைக் கழற்றி, மடித்து, கிழவியின் கையில் கொடுத்தார். கிழவிக்கு எங்கள் மொழி தெரியாது. ஆனால் உலகத்துக் கடைக்காரர் எல்லோருக்கும் அந்த வசனம் தெரியும். முக்காலியில் இருந்து மறுபடி பின்னத் தொடங்கினார்.

மேட்டில் ஏறினோம். ஒவ்வொரு கடையிலும் சால்வை இருந்தது. ஒவ்வொன்றிலும் அவர் நின்றார். ரஷ்ய மொழியில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. விரல்களால் பேரம் பேசினார். கடைக்காரி பத்து விரல் காட்டினால் இவர் நாலு விரல் காட்டுவார். அவள் நெஞ்சில் அடிப்பாள். இவர் போவதுபோலப் போவார். அவள் கூப்பிடுவாள். இவர் திரும்பமாட்டார். கூப்பிட்டது அவருக்குப் போதும். அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது சால்வை அல்ல, முதுகுக்குப் பின்னால் யாராவது கூப்பிடுவதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

ஒரு கடையில் விலை நன்றாக இறங்கியது. "இது அதில பாதிவிலை" என்று எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "எங்க, உம்மட மோதிரத்தைத் தாரும்." அக்கா கொடுத்தார். மூலையை நுழைத்தார். ஒரு சாண் போனது, பிறகு இறுகிவிட்டது. அந்தப் பக்கம் நான் இழுத்தேன், இந்தப் பக்கம் அவர் இழுத்தார். கடைக்காரி நடுவில் நின்று தன் மொழியில் எங்கள் இருவருடைய பரம்பரையையும் பற்றி ஏதோ சொன்னாள். மெஷினில் பின்னிய சால்வை. கலியாண மோதிரம் அதன் நடுவில் சிக்கிக்கொண்டது. கடைசியில் என் மனைவிதான் கொண்டையூசியால் நூலைக் கிளறி மோதிரத்தை எடுத்தாள். மோதிரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டபோது அக்கா சொன்னார்:

"இனி இதைக் கழற்றச் சொல்லாதையுங்கோ. போட்டபடி கிடக்கட்டும்."

நான் இதற்கிடையில் தேன் வாங்கப் போய், "ஒக்லாந்து எயார்போட்டில உதைப் பறிச்சுக் குப்பையில போடுவாங்கள், தெரியாதே?" என்று அவரிடம் வாங்கிக்கட்டினேன். அதுவும் சரிதான். நியூசிலாந்துக்குள் தேன் கொண்டுபோக முடியாது. ஒரு மனிதன் எப்போதுமே பிழையாக இருந்துவிட்டால் அவனை வெறுப்பது எவ்வளவு சுலபம்.

தேவாலயத்தடியில் நிற்கும்போது கப்பல் முதல்தரம் ஊதியது. இறக்கத்தில் ஓடினோம். அவர் முன்னால் ஓடினார். அறுபது தாண்டிய மனிதர், காசைக் கையில் பிடித்துக்கொண்டு, கற்கள் பாவிய தெருவில் தடக்கித் தடக்கி ஓடினார். அந்த ஓட்டத்தை மட்டும் என்னால் இளக்காரமாக எழுத முடியவில்லை. படிக்குப் பக்கத்தில் கயிறு இருந்தது. இரண்டு கறுப்புச் சால்வை இருந்தன. முக்காலியில் கிழவி இருந்தார். இவரைக் கண்டதும் ஊசியை மடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், ஏவன்டேல் சீனத்து அம்மா காட்டிய அதே மாதிரி.

நான் கடைசி நிமிஷத்தில் பக்கத்துக் கடையில் கைக்கு வந்த குளிர்பெட்டிக் காந்தம் ஒன்றை, விலை கேளாமல் வாங்கிக்கொண்டு ஏறினேன். பொன் கூரைத் தேவாலயம், கீழே ரஷ்ய எழுத்தில் ஊரின் பெயர். பல ஆண்டு எங்கள் குளிர்பெட்டிக் கதவில் இருந்தது. குழாய் திருத்த வந்த ரஷ்யர் ஒருவர்தான் அது வேறு ஊர், நாங்கள் போகாத ஊர், என்று வாசித்துச் சொன்னார். அவசரக்காரருக்கும் விசரருக்கும் என்று கடை போடுகிறவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் சால்வையைக் கண்டோம். அடுத்த மேசையில் ஒரு ஜெர்மன் அம்மாவின் தோளில் இருந்தது. அந்தப் பயணம் முடியும்வரை ஒவ்வொரு காலையும் அது எங்களுக்கு முன்னால் இருந்து முட்டை தின்றது. அந்த அம்மா நல்லவர். எங்களைப் பார்த்துச் சிரிப்பார். அக்காவும் சிரிப்பார். அண்ணை மட்டும் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னார்:

"விலை பேசாமல் வாங்கியிருக்கிறா. நல்லா ஏமாத்திப்போட்டாள் கிழவி."

"ஓம்" என்றார் அக்கா. "பாவம், எவ்வளவு சந்தோசமா ஏமாந்து போய் இருக்கிறா பாருங்கோ."

ஆக்லாந்துக்குத் திரும்பிய பிறகுதான் கதை மோசமாகியது. அவர் சால்வை தேடத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை, அக்கா அதைப்பற்றி ஒரு சொல்லும் பிறகு கதைக்கவில்லை. இவராகத்தான் தேடினார். ஏவன்டேல் சந்தையில் பழைய துணி விற்கும் கடைகளைக் கிண்டினார். பழைய சாமான் விற்கும் தருமக் கடைகளுக்குப் போனார். நகர மையத்தில் சுற்றுலாக்காரருக்குக் கம்பளி விற்கும் கடைகளுக்குப் போய், தன் விரல் மோதிரத்தைக் கழற்றி, அங்கே நிற்கும் பெண்பிள்ளைகளைப் பயப்படுத்தினார். மாதத்தில் இரண்டு தரமாவது எனக்குத் தொலைபேசி வரும்.

"தம்பி, ஒரு சால்வை பாத்தனான். அச்சா வெள்ளை."

"வாங்கினீங்களே?"

"பாத்தனான் எண்டனான்."

பிறகு இணையக் கடை பழகினார். அது அவருக்கென்றே ஆண்டவன் படைத்த கடை. அதற்கு முடிவில்லை, எவ்வளவு தள்ளினாலும் கீழே இன்னும் வரும். ஒரு நாள் கைபேசியில் காட்டினார். ரஷ்யாவிலிருந்தே வரும், ஆட்டு மயிர், கையால் பின்னியது. மோதிரத்துக்குள் போகிற படமும் போட்டிருந்தார்கள்.

"இதுதான் அண்ணை. அதேதான். அமத்துங்கோ, வாங்குவம்."

"கூடைக்குள்ள போட்டு வச்சிருக்கிறன்."

"எப்ப போட்டனீங்கள்?"

"போன மாரி. விலை இறங்கும், பொறும்."

விலை இறங்கவில்லை. உலகம்தான் இறங்கியது. நோய் வந்தது, பிறகு போர் வந்தது, அந்த நாட்டிலிருந்து எதுவும் வராமல் போனது. ஒருநாள் பார்த்தபோது கூடைக்குள் அந்தச் சால்வையின் படம், இனி விற்பனைக்கு இல்லை என்ற குறிப்போடு, சாம்பல் நிறமாக இருந்தது. அவர் அதை அழிக்கவில்லை. இதற்குப் பெயர் அன்பு என்று என் மனைவி சொன்னாள். அப்படியானால் அன்புக்குக் கொஞ்சம் வைத்தியம் பார்க்கலாம் என்றேன் நான்.

வைத்தியம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அவருடைய இதயத்தில் அடைப்பு என்று முதல் டாக்டர் சொன்னார், கெதியில் வெட்டவேண்டும் என்றார். முதல் டாக்டர். நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஒத்திவைத்தார். இன்னொருவரைப் பார்த்தார். அவரும் அதையே சொன்னார். மூன்றாமவரிடம் நாள் கேட்டுக் காத்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம், சந்தைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஒரு சப்பாத்து காலில் இருந்தது. மற்றது கையில்.

மகள் சிட்னியிலிருந்து வந்துசேர மறுநாள் ஆகும். இறுதிக் கிரியை ஒழுங்கு செய்கிற இடத்துக்கு அக்காவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு நடுவயதுக்காரர், குரலைக் கம்பளியில் சுற்றியதுபோலக் கதைக்கிறவர், எங்களைப் பெட்டிகள் வைத்திருக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீளமான அறை. இரண்டு பக்கமும் பெட்டிகள். நடுவில் நடக்க வழி. எனக்கு அந்த ரஷ்ய ஊரின் தெரு நினைவுக்கு வந்தது, அக்காவுக்கும் வந்திருக்கும்.

வாசலோடு இருந்த முதல் பெட்டி சாதாரண பைன் மரம். அக்கா அதில் கையை வைத்தார்.

"இது."

அந்த மனிதர் மெதுவாக, ஆங்கிலத்தில், அவசரமில்லை என்றும், உள்ளே இன்னும் பலவகை இருக்கிறது, பார்த்துவிட்டுத் தெரிவுசெய்யலாம் என்றும் சொன்னார்.

அக்கா அசையவில்லை. அப்போது ஒரு குரல் கேட்டது.

"அக்கா, முன்னுக்கு இன்னும் இருக்காம். ஒருக்காப் பாத்திட்டு வருவமே?"

சொன்னது நான்தான். சத்தியமாக என் வாய்தான். இத்தனை ஆண்டு அந்த வசனத்தை வீட்டுக்கு வீடு நடித்துக் காட்டி ஆட்களைச் சிரிக்கவைத்தவன், அதே ராகத்தில், அதே இழுப்போடு சொன்னேன். கையைப் பார்த்தால் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கின்றன.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குள்ள கிடக்கப்போறது அவர். வாங்கிறது நான்."

 அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் பெட்டி விற்றுவிட்டது என்பது விளங்கியது. அக்கா கையெழுத்துப் போட்டார். கைப்பையை எடுத்தார். வாசல்வரை வந்தோம். வாசலில் நின்றுவிட்டார். பின்னால் திரும்பி அந்த நீளமான அறையைப் பார்த்தார். பிறகு அந்த மனிதருக்குக் கேட்காத மாதிரி, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து, என் காதுக்குள் கேட்டார்:

"சும்மா கேக்கிறன் தம்பி. உள்ளுக்கு இருக்கிறது இதைவிட மலிவோ?"

நான் விடுவிடென்று உள்ளே போனேன். கடைசிப் பெட்டிமட்டும் போனேன். ஒவ்வொன்றின் விலைச்சீட்டையும் குனிந்து பார்த்தேன். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன்.

"இல்லை அக்கா. வாசல்ல இருந்ததுதான் மலிவு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சேலைத் தலைப்பால் முழு முகத்தையும் மூடிக்கொண்டார். எனக்கென்றால் ஆத்திரம்தான் வந்தது. அண்ணையோடு நான் வாதாடிய அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பிறகு முதல்தரமாக, மறுக்கவே முடியாத ஓர் ஆதாரம் என் கையில் கிடைத்திருந்தது. கொண்டுபோய்க் காட்டலாம் என்றால், ஆளைக் காணவில்லை. அவர் முன்னுக்குப் போய்விட்டார்.